கொழுந்தனார் இரட்சிக்கப்பட்டுட்டாரு, என் பணம் என்னாச்சுங்க?

திருப்பூர் பக்கத்துல இருந்து 41 வயசு சகோதரி ஒருத்தங்க நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, சபை எதுவும் போட வேண்டாம்னு கேட்டாங்க, அதனால ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியிருக்கேன், சங்கதி அப்படியேதான் இருக்கு.

வீட்டுக்காரர் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். அவரோட தம்பி சொந்தமா ஜாப் ஒர்க் யூனிட் போடறேன்னு வந்து நிக்க, இவங்க தன் நகை 11 பவுனை அடகு வெச்சு, எடுத்த சீட்டுப் பணத்தையும் சேத்து 4,80,000 ரூபா குடுத்திருக்காங்க. நகை இவங்களுதுங்கறதால புரோநோட்டும் இவங்க பேர்லயே எழுதியிருக்கு. எட்டு மாசத்துல வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட்ல மாரடைப்புல போயிட்டாரு. நகைக்கு வட்டி கட்ட முடியாம அது ஏலத்துக்குப் போச்சு. கொழுந்தனார் காசைக் கண்ணுல காட்டவே இல்ல. ஓவர்லாக், ஃப்ளாட்லாக்னு மிஷின் மட்டும் எச்சாகிட்டே போச்சு. போன வருசம் ஒரு உபவாச ஜெபத்துல அவரு மனந்திரும்பி, ஞானஸ்நானம் எடுத்து, இவங்க போற அதே சபையில மைக்கைப் புடிச்சு "என் கணக்குப் புஸ்தகத்தையே கர்த்தர் கிழிச்சுப் போட்டுட்டாரு"ன்னு சாட்சி சொன்னாராம். எல்லாரும் கை தட்டினாங்களாம். இவங்க பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசையில உக்காந்திருந்தாங்களாம். சபைக்குக் கூரை போட அவரு ஒரு லட்சம் காணிக்கையும் குடுத்திருக்காரு.

பணம் கேட்டா "கர்த்தரே மன்னிச்சுட்டாரு, நீங்க என்ன அண்ணி"ன்னு பதில் வருது. பாஸ்டரும் மத்தேயு 5:23-ஐக் காட்டி, "நீங்க மன்னிக்காததுனாலதான் உங்க ஜெபம் கேக்கப்படல, மொதல்ல போய் ஒப்புரவாகுங்க"ன்னு சொல்லியிருக்காரு. அன்னையில இருந்து ஒரு வருசமா இவங்க திருவிருந்து (சபையில அப்பமும் ரசமும் எடுக்கறது) எடுக்கறதில்ல. நடுவுல அந்தக் கொழுந்தனார் பையனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒரு நிமிசம் மனசு குளுந்துச்சாம், அப்பறம் தன் மேலயே பயம் வந்து ராத்திரி தூக்கமே போயிருச்சுன்னு எழுதியிருக்காங்க.

கேட்டிருக்கறது மூணு. தேவன் அன்பானவரா, நீதியானவரா, அன்பானவர்னா என் பணம் எங்க, நீதியானவர்னா என் புருசன் ஏன் செத்தாரு? அவன் பரலோகத்துல என் பக்கத்துல வந்து உக்காந்தா நான் எந்திரிச்சு வந்துருவேன், இது பாவமா? கோர்ட்டுக்குப் போனா பாவமா?

அம்மணி, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க கடிதத்துல கோவம் இருக்கு, ஆனா எங்கயும் பொய் இல்ல. 30 வருசத்துக்கு மேல ஆயரா இருந்துட்டு இப்ப ஆலோசனை சொல்லிட்டு இருக்கறவன் நான், அழகா மன்னிச்சுட்டோம்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள பொகையறவங்களை நெறையப் பாத்திருக்கேன், அவங்களுக்கு நீங்க எவ்வளவோ தேவலை.

இன்னொண்ணையும் ஒத்துக்கறேன். உங்க பாஸ்டர் செஞ்ச தப்பை நானும் செஞ்சிருக்கேன். ரொம்ப வருசத்துக்கு முன்னால ஒரு பொம்பளை, புருசன் அடிக்கறான்னு வந்து நின்னப்ப, "அன்பு சகலத்தையும் தாங்கும்"னு வசனம் சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிச்சுட்டேன். அந்தம்மா வாசல்ல நின்னு செருப்பை மாட்டும்போது திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. அப்பறம் சபைப் பக்கமே வரல. அதனால நான் பாஸ்டரைத் திட்டறதுக்காக இதை எழுதல, வசனத்தைத் தப்பான ஆள்கிட்ட நீட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ங்கறதுக்காக எழுதறேன்.

அந்த வசனம் உங்களுக்கு எழுதினது இல்ல

மத்தேயு 5:23-ஐ எடுத்து மெதுவா படிங்க. "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்"னு இருக்கு. யாருக்கு யார் மேல குறை? காணிக்கையோட நிக்கறவன் மேல, வெளிய இருக்கறவனுக்குக் குறை. அதாவது தப்பு செஞ்சவன் காணிக்கையை அப்படியே கீழ வெச்சுட்டு, பாதிக்கப்பட்டவங்களைத் தேடிப் போகோணும். ஒரு லட்சத்தை எடுத்துட்டு கூரைக்குக் குடுக்க வந்தது யாரு? நீங்களா? அந்த வசனம் உங்க கொழுந்தனார் மடியில போய் விழ வேண்டியது, குறி தப்பி உங்க மடியில விழுந்திருச்சு, அதை நீங்க ஒரு வருசமா தூக்கிச் சொமந்துட்டு திருவிருந்தை விட்டுட்டு உக்காந்திருக்கீங்க.

பழைய ஏற்பாட்டுலயும் இதே வரிசைதான். லேவியராகமம் 6-வது அதிகாரத்துல ஒருத்தன் அடுத்தவன் பொருளை ஏமாத்தி வெச்சிருந்தா என்ன பண்ணோணும்னு இருக்கு, முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்து உடையவன்கிட்ட குடுக்கோணும், அப்பறம்தான் குற்ற நிவாரண பலி. கணக்குப் போட்டா 4,80,000-க்கு அஞ்சுல ஒண்ணு 96,000, மொத்தம் 5,76,000. இதை நோட்டீஸ்ல போடச் சொல்லி நான் சொல்லல, கோர்ட்டு லேவியராகமம் பாக்காது. ஆனா சாமிகிட்ட போற வழி உங்க வீட்டு வாசல் வழியாத்தான் போகுதுங்கறதுக்கு அதுல எழுத்துப்பூர்வமா சாட்சி இருக்கு.

வரி வசூல் பண்ணிப் பணக்காரனான சகேயு கதையும் உங்களுக்குத் தெரியும். இயேசு அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப கணக்கு எதுவும் கேக்கல, அது அன்பு. ஆனா அந்த அன்பு வீட்டுக்குள்ள நொழஞ்சதும் அவனே எந்திரிச்சு நின்னு, அநியாயமா வாங்கினதை நாலத்தனையாத் திருப்பிக் குடுக்கறேன்னான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது"ங்கறது அதுக்கு அப்பறம்தான் வருது. உங்க சபையில சாட்சிக்கு மைக் குடுக்கறதுக்கு முன்னால இந்த வரிசையை யாராச்சும் ஒருக்கா பாத்திருக்கலாம்.

உடனே கேப்பாங்க, சிலுவையில தொங்கின கள்ளன் யாருக்குத் திருப்பிக் குடுத்தான், அவனுக்குப் பரதீசு கெடைக்கலியான்னு. நல்ல கேள்விதான். அந்தக் கள்ளன் என்ன சொன்னான்னு பாருங்க, "நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்"னான், தான் செஞ்சதை மூடி மறைக்கல. அவன் ரெண்டு கையிலயும் ஆணி, குடுக்க ஒண்ணும் இல்ல, நேரமும் இல்ல. உங்க கொழுந்தனாருக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு, ஒண்ணுல கார் சாவி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவுல

உங்க கடிதத்துல ஒரு வரி என்னைப் புடிச்சு நிறுத்திருச்சு. புரோநோட்டை பைபிள்ல மல்கியா முடிஞ்சு மத்தேயு ஆரம்பிக்கற எடத்துல வெச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க. "பழைய ஏற்பாட்டு தேவன்தான் நியாயம் கேப்பாரு, இயேசப்பா மன்னிச்சு விட்டுருவாரு, எனக்கு எந்தப் பக்கம் வெக்கறதுன்னு தெரியல, அதனால நடுவுல வெச்சேன்"னு.

இந்தக் குழப்பம் உங்களோட ஆரம்பிச்சதில்ல. ரெண்டாம் நூற்றாண்டுல மார்சியோன்னு ஒரு பணக்காரக் கப்பல் வியாபாரி ரோமாபுரிக்கு வந்தாரு, பழைய ஏற்பாட்டுல இருக்கறவர் கண்டிப்பான வேற தேவன், இயேசுவோட பிதா அன்பான வேற தேவன்னு சொல்லி பழைய ஏற்பாட்டையே தள்ளிட்டாரு. 144-ஆம் வருசம் வாக்குல சபை அவரை விலக்கி வெச்சுது, அதோட அவரு குடுத்திருந்த பெரிய காணிக்கையையும் திருப்பிக் குடுத்து அனுப்பிருச்சு. (காணிக்கையைத் திருப்பிக் குடுத்த சபை! இந்தக் காலத்துல சொன்னா நம்ப மாட்டாங்க.) ரெண்டு தேவன்னு பிரிச்சா கேக்கறதுக்குச் சுளுவா இருக்கும், ஆனா அப்ப அன்பானவருக்கு நியாயத்தைப் பத்திக் கவலை இல்ல, நியாயமானவருக்கு உங்களைப் பத்திக் கவலை இல்லன்னு ஆகிப்போகும். சபை அதை ஒத்துக்கல.

யாத்திராகமம் 34-ல தேவன் தன் பேரை மோசேகிட்ட தானே சொல்றாரு. இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மன்னிக்கிறவர்னு வரிசையா சொல்லிட்டே வந்து அதே மூச்சுல "குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாமல்"னும் சொல்றாரு. ரெண்டும் ஒரே பேர்ல இருக்கு. நீங்க நெனைக்கற மாதிரி தராசுல இந்தப் பக்கம் அன்பு அந்தப் பக்கம் நீதின்னு சரிபாதியும் கெடையாது, தண்டனைக்கு மூணு நாலு தலைமுறைன்னா இரக்கத்துக்கு ஆயிரம் தலைமுறைன்னு கணக்கு சொல்லுது. புதிய ஏற்பாட்டுப் பக்கம் போனீங்கன்னா "தேவன் அன்பாகவே இருக்கிறார்"னு எழுதின யோவான் நிருபம்தான், சகோதரனுக்குக் குறைச்சல் இருக்கறதைப் பாத்தும் மனசை அடைச்சுக்கறவன்கிட்ட தேவ அன்பு எப்படி நிலைக்கும்னும் கேக்குது.

கோவமும் அன்பும் எப்படி ஒண்ணா இருக்கும்னு கேட்டா, நம்ம நொய்யல் ஆத்தைப் பாருங்க. 1992-ல ஒரத்துப்பாளையத்துல அணை கட்டினது கீழ இருக்கற விவசாயத்துக்காக. கொஞ்ச வருசத்துல அது சாயத்தண்ணி தேக்கி வெக்கற தொட்டி மாதிரி ஆகிப்போச்சு, சுத்தியிருந்த கெணறெல்லாம் கெட்டுப்போச்சு, காடு போச்சு. 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப திருப்பூரே ஆடிப்போச்சு, வேலை போன குடும்பங்களோட வேதனையும் எனக்குத் தெரியும், அதை லேசா சொல்லல. இப்ப ஒரு சாயப்பட்டறை முதலாளி முழங்கால் போட்டு அழறாருன்னு வெச்சுக்குங்க. தேவன் அவரைத் தூக்கி நிறுத்தி "போகட்டும் விடு"ன்னு மட்டும் சொல்லிட்டு, அணையில தேங்கி நிக்கற தண்ணியைத் திரும்பிக்கூடப் பாக்கலைன்னா, அது முதலாளி மேல வெச்ச அன்பா இருக்கலாம், காடு கருகிப்போன விவசாயி மேல அது என்ன? கீழ்மடைக்காரன் மேல அன்பு இருக்கறதுனாலதான் மேல்மடைக்காரன் மேல கோவம் வருது. ஆமோஸ் தீர்க்கதரிசி "நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது"ன்னு சொன்னதை நொய்யல்கரைல நின்னு படிச்சா வேற மாதிரி கேக்கும்ங்க.

சீட்டுப் புடிக்கறவரு கதை

அப்ப சிலுவையில கணக்கு தீந்துச்சுங்கறது பொய்யான்னு கேப்பீங்க. பொய் இல்ல, ஆனா அதை உங்க கொழுந்தனார் தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்காரு.

ஊர்ல ஒருத்தர் சீட்டு நடத்தறாரு, இருபது பேரு. சீட்டை எடுத்தவன் ஒருத்தன் மீதித் தவணை கட்டாம ஓடிப்போயிட்டான். இப்ப சீட்டு நடத்தறவரு ரெண்டு மாதிரி பண்ணலாம். ஒண்ணு, "ஓடிப்போனவனை நான் மன்னிச்சுட்டேன், பாவம் அவனுக்கு என்ன கஷ்டமோ, உங்க பணம் போனது போனதுதான்"னு மத்த பத்தொம்பது பேருகிட்ட சொல்லலாம். அவரை யாராச்சும் நல்ல மனுசன்னு சொல்லுவாங்களா? வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்துருவாங்க. இன்னொண்ணு, தன் மாட்டை வித்து, காட்டுல ஒரு பகுதியை வித்து, எல்லாருக்கும் செட்டில் பண்ணிட்டு, அதுக்கப்பறம் ஓடிப்போனவனுக்கு ஆள் விட்டு "வந்துருப்பா, ஊர்ல உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னு கூப்பிடலாம்.

சிலுவையை நான் புரிஞ்சுக்கறது ரெண்டாவது மாதிரி. கடன் காத்துல கரையறதில்ல அம்மணி, யாரோ ஒருத்தர் தலையில எறங்கித்தான் தீரும், மன்னிப்புன்னா மன்னிக்கறவரே அதைத் தன் தலையில வாங்கிக்கறது. ரோமர் 3:26-ல பவுல் சொல்றதும் அதான், தேவன் நீதியுள்ளவராவும் இருக்கோணும், பாவியை நீதிமானாக்கறவராவும் இருக்கோணும், ரெண்டுல ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைக் காப்பாத்தல.

உங்க கொழுந்தனார் பண்றது மொதல் மாதிரி. தேவன் மன்னிச்சாருன்னு சொல்லிட்டு செலவை உங்க தலையில எழுதிட்டாரு, உங்களை ஒரு வார்த்தை கேக்காம. மன்னிக்கறதுன்னா அந்த நட்டத்தை நீங்களா மனசு வெச்சு ஏத்துக்கறது, அடுத்தவன் உங்க மேல ஏத்தறதுக்குப் பேரு வேற.

இந்தக் கதை ஒரு எடத்துல நிக்காது, அதையும் சொல்லோணும். சீட்டுக்காரர் எல்லாருக்கும் ரொக்கமா குடுத்துட்டாரு, உங்களுக்கு வானத்துல இருந்து 4,80,000 வரல, வரும்னு நான் சொன்னா அது ஏமாத்து. அதனாலதான் வேதம் திரும்பத் திரும்ப "திருப்பிக் குடு"ன்னு குடுக்கவேண்டியவன்கிட்ட சொல்லிட்டே இருக்கு. தேவனோட தீர்ந்த கணக்கு வேற, அண்ணியோட இருக்கற கணக்கு வேற.

வீட்டுக்காரர் ஏன் செத்தாருன்னு கேட்டீங்க. எனக்குத் தெரியாதுங்க. நீங்க பண்ணின பாவத்துக்குத் தண்டனைன்னு மட்டும் யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, பொறவிக் குருடனைப் பாத்து சீஷர்கள் "யார் செய்த பாவம்"னு கேட்டப்ப இவனும் இல்ல இவனைப் பெத்தவங்களும் இல்லன்னு இயேசுவே சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் ஏதாச்சும் வெளக்கம் சொன்னா அது உங்களுக்காகச் சொல்றதா இருக்காது, எனக்கு வாய் சும்மா இருக்க முடியலைங்கறதுக்காகச் சொல்றதா இருக்கும்.

அந்த ஒரு நிமிசம்

டெங்கு வந்த பையனைப் பத்தி. இதுல உங்களைக் கொஞ்சம் திருத்தோணும், கோவிச்சுக்காதீங்க. "கர்த்தர் நியாயம் செஞ்சுட்டாரு"ன்னு தோணுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது நியாயம் இல்லம்மா. எசேக்கியேல் காலத்துல ஒரு பழமொழி இருந்துச்சு, அப்பன் திராட்சக்காயைத் தின்னான், புள்ளைக்குப் பல்லு கூசுச்சுன்னு. இனிமேல் இந்தப் பழமொழியை யாரும் சொல்லக்கூடாதுன்னு தேவனே சொல்றாரு, 18-வது அதிகாரம், "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை". பணத்தை வாங்கினது அந்தப் பையன் இல்ல. நீங்க கேக்கற நியாயம் பெருசு, அதை ஒரு கொசுவுக்குள்ள போய் தேடாதீங்க.

ஆனா அப்படித் தோணினதுக்காக உங்களைப் பிசாசு புடிச்சிருச்சுன்னும் பயப்பட வேண்டாம். சங்கீதத்துல 109-ஐப் படிச்சுப் பாருங்க, நீங்க நெனைச்சதை விட பயங்கரமா இருக்கும், அதையும் ஜெபம்னு சொல்லித்தான் உள்ள வெச்சிருக்காங்க. வெளிப்படுத்தின விசேஷத்துல கொல்லப்பட்டவங்களோட ஆத்துமாக்கள் பலிபீடத்துக்குக் கீழ நின்னுட்டு "எதுவரைக்கும்"னு சத்தம் போட்டுக் கேக்கறாங்க, அங்க போயும் கேக்கறாங்க பாருங்க, அவங்களை யாரும் மன்னிக்கத் தெரியாதவங்கன்னு திட்டல, வெள்ளை அங்கி குடுத்து இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கன்னு சொல்றாங்க. கோவத்தை தேவன்கிட்ட எடுத்துட்டுப் போறது வேற, அந்தப் பையன் மேல எறக்கறது வேற.

பரலோகத்துல பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சு வந்துருவேன்னீங்களே, படிச்சுட்டு கொஞ்சம் சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. இப்ப இருக்கற மாதிரி, சாவியைச் சுத்திட்டே "கர்த்தரே மன்னிச்சுட்டாரு அண்ணி"ன்னு சொல்ற ஆளா அவரு அங்க வந்து உக்கார முடியாதுங்க. வந்தா, உங்களுக்கு என்ன செஞ்சோம்னு முழுசா தெரிஞ்ச ஆளாத்தான் வரோணும். அப்ப எந்திரிக்கறதா வேண்டாமான்னு அப்ப பாத்துக்கலாம்.

திருவிருந்துக்கு வர்ற மாசத்துல இருந்து போங்க. நான் வற்புறுத்தல, ஆனா ஏமாத்தினவரு மொத வரிசையில நின்னு எடுக்க, ஏமாந்தவங்க பட்டினி கெடக்கறதுக்கு எந்த வசனமும் இல்ல.

கோர்ட்டுக்குப் போலாமா

1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகக்கூடாதும்பாங்க. பவுல் அங்க சொல்றதை முழுசாப் படிங்க, சகோதரருக்குள்ள வழக்குத் தீக்க உங்கள்ல ஒரு விவேகி கூட இல்லையான்னு சபையைத் திட்டறாரு, "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள்"னு ஏமாத்தறவங்களையும் திட்டறாரு. ஏமாந்தவங்க வாயை மூடறதுக்காக எழுதின அதிகாரமா அது? "ஏன் அநியாயத்தைச் சகிச்சுக்கறதில்ல"ன்னும் அதே எடத்துல கேக்கறாரு, அதை நான் மறைக்கல. சகிச்சுக்கறது ஒரு வழிதான், ஆனா அதை நீங்க தேர்ந்தெடுக்கோணும், கடன்காரரு உங்களுக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. அதே பவுல் தனக்கு நியாயம் கெடைக்காதுன்னு தெரிஞ்சப்ப இராயனுக்கு அபயமிடறேன்னு, அதாவது ரோமச் சக்கரவர்த்திகிட்ட அப்பீல் பண்றேன்னு, ரோமச் சட்டத்தைக் கூப்பிட்டவருதான்.

அதனால மொத வேலை சபையில. பாஸ்டர், சபைப் பெரியவங்க ரெண்டு பேரு, நீங்க, உங்க பக்கம் உங்க அண்ணனோ மாமாவோ, கொழுந்தனார். லூக்கா 17:3-ல "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக"ன்னு இருக்கு, கடிஞ்சுக்கறது மன்னிக்கறதுக்கு முன்னாலயே வந்திருக்கு. பழி வாங்கறது தேவனோட வேலை, ரோமர் 12:19, அதுல கை வெக்காதீங்க, கம்பெனி வாசல்ல போய் மண்ணை வாரித் தூத்தறது, ஸ்டேட்டஸ்ல போடறது எல்லாம் வேண்டாம். குடுத்த கடனைக் கேக்கறது பழி வாங்கறதுல சேராது.

சட்டத்துக்கு எனக்குத் தெரிஞ்ச வக்கீல்கிட்ட பேசினேன். அவரு உங்க கடிதத்துல புரோநோட்டு எழுதி "ரெண்டு வருசம் பத்து மாசம் ஆச்சு"ங்கற வரியைப் பாத்துட்டு நிமிந்து உக்காந்துட்டாரு. கேட்டவுடனே குடுக்கறதா எழுதின புரோநோட்டுக்கு, எழுதின தேதியில இருந்து 3 வருசத்துக்குள்ள கேஸ் போட்டாகோணும், 1963-ஆம் வருசத்து லிமிட்டேஷன் ஆக்ட். தாண்டிப்போனா நீங்க மன்னிச்சாலும் மன்னிக்காட்டியும் கோர்ட்டு கதவு அடைச்சுக்கும். "அடுத்த மாசம் பாக்கலாம் அண்ணி"ன்னு அவரு இழுக்கறது தெரிஞ்சு இழுக்கறாரா தெரியாம இழுக்கறாரா, அது எனக்குத் தெரியாது. மனந்திரும்பினது நெசம்னா அந்தத் தேதிக்குள்ள, இவ்வளவு பாக்கி இருக்குன்னு ஒத்துக்கிட்டு தேதி போட்டு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கட்டும், இல்ல புது நோட்டு எழுதட்டும், அன்னையில இருந்து உங்களுக்கு மறுபடி 3 வருசம் கெடைக்கும். வாய்ல சொன்னா செல்லாது. மாசம் பத்தாயிரமோ பதினஞ்சாயிரமோ தவணைன்னாலும் ஒத்துக்குங்க, யூனிட் நடத்தறவருக்கு மொத்தமா எடுக்கறது கஷ்டம்தான், அந்த அளவுக்கு இரக்கம் காட்டுங்க. அவரு மனந்திரும்பினாரா இல்லையான்னு பாக்கறதுக்கும் அந்தக் கையெழுத்துதான் சரியான எடம்.

கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா வக்கீல் நோட்டீஸ், அப்பறம் கேஸ். வக்கீலுக்குக் காசு இல்லைன்னு தயங்காதீங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருசத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்துலயே இருக்கு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல போய் மனு எழுதிக் குடுங்க. அங்கயே மக்கள் நீதிமன்றத்துல சமாதானமா முடிக்கவும் கேக்கலாம், அங்க எழுதற தீர்ப்புக்கு மேல அப்பீல் இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாத்தான் அது முடியும், அதை நம்பி 3 வருசத்தைத் தாண்ட விட்டுராதீங்க.

நட்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். கேஸ் இழுக்கும். மாமியார் பேச மாட்டாங்க, சபையில பாதிப் பேரு மொகத்தைத் திருப்பிக்குவாங்க, நாளைக்கு உங்க பொண்ணு கல்யாணத்துக்குச் சித்தப்பன் வந்து நிக்காமப் போகலாம். இதெல்லாம் யோசிச்சு, பொண்ணுகிட்டயும் பேசிட்டு, வேண்டாம்னு முடிவு பண்ணினீங்கன்னா அதுவும் சரிதான். அப்ப அந்த நோட்டை அவரு கண்ணு முன்னால வெச்சு, "இது உங்க அண்ணன் நெனைப்புக்காக நான் விடறேன், நீங்க கட்டினதா நெனைச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு விடுங்க. சும்மா தேதி தாண்டிப் போகட்டும்னு மட்டும் விடாதீங்க.

தூக்கம் வராததுக்கு ஜெபத்தோட ஒரு டாக்டரையும் பாருங்க, மாசக்கணக்கா மூணு மணிக்கு முழிப்பு வருதுன்னா அது விசுவாசக் குறைவு இல்ல, ஒடம்புக்கு முடியல.

இந்த வாரமே அந்தப் புரோநோட்டை பைபிள்ல இருந்து எடுங்க. முன்னாலயும் பின்னாலயும் போன்ல போட்டோ, ரெண்டு ஜெராக்ஸ். மொதல்ல தேதியைப் பாருங்க, அப்பறம் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல அவரு கையெழுத்து தெளிவா இருக்கான்னு பாருங்க. ஒரிஜினலை பாஸ்டர் கேட்டாலும் மாமியார் கேட்டாலும் குடுக்காதீங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. பைபிள்ல வேண்டாம்ங்க, தெனமும் பக்கம் திருப்பறதுல ஸ்டாம்ப் உரிஞ்சுரும்.